ஷாம்புப் போத்தலில் டிராகன் சிறகு

எங்கட தொழிலில் ஷாம்பு வாங்குவது தலைக்கு அல்ல, போத்தலின் நிறத்துக்கு. முடி கொட்டினாலும் பரவாயில்லை, அந்த மயில்பச்சை வேறு எதிலும் கிடைக்காது. போத்தல், மூடி, ஐஸ்கிரீம் டப்பா, யோகட் கப், உடைந்த வாளி என்று அகப்பட்டதையெல்லாம் வெட்டி, சூடாக்கி, வளைத்து, மாயக் கதைகளில் வரும் டிராகன் செதில், தேவதைச் சிறகு, வனராணி கிரீடம் என்று தோடும் மாலையுமாகச் செய்து கல்முனையில் இருந்து விற்கிறேன். வீட்டில் இருந்தபடி ஏதாவது செய்து விற்கும் சகோதரிமாரே, உங்களுக்கு நான் சொல்லாமலே விளங்கும். ஊரே நம் சாமானைப் போட்டுக்கொண்டு திரிந்தாலும், வீட்டில் ஒருத்தர் மட்டும் அதைத் தொழில் என்று ஒத்துக்கொள்ள மாட்டார். எங்கட வீட்டில் அது உம்மா. மூத்தவ என்ன செய்றா என்று யார் கேட்டாலும், சும்மா வீட்டோடு இருக்கிறா என்பா. தங்கச்சி ஸஜ்னா படிப்பிக்கிற பள்ளிக்கூடத்தின் பெயரை மட்டும் கேட்காமலே சொல்லுவா. உம்மாட வாயால் ஒருநாள் என் தொழிலைச் சொல்லக் கேட்க வேண்டும், எனக்கு வேறு ஆசை இல்லை.

அடுத்த வீட்டு நீலம்

அடுத்த வீட்டு ரம்ளா ராத்தா உடுப்புக் கழுவ வாங்கும் திரவத்தின் போத்தல் நல்ல கடல்நீலம். எனக்குக் கடல்கன்னி வால் தோடு ஒன்றுக்கு ஓடர் வந்திருந்தது, கையில் நீலத்தில் ஒரு துண்டு இல்லை. மதிலுக்கு மேலால் எட்டி, அது முடிஞ்சிட்டா ராத்தா என்று கேட்டேன். இல்லை என்றா. மறுநாளும் கேட்டேன். அதற்குப் பிறகு கேட்க வெட்கமாகிவிட்டது, மதிலில் நாடியை வைத்துக்கொண்டு சும்மா பார்த்துக்கொண்டு நின்றேன்.

பாவம் அந்த மனிசி. திரைச்சீலை, தலையணை உறை, விருந்தாளிக்கென்று மடித்து வைத்த போர்வை வரைக்கும் இழுத்துப் போட்டுக் கழுவி முடித்து, ஈரக் கையோடு போத்தலைக் கொண்டு வந்து நீட்டினா. "இந்தா புள்ள, ஆர்ர காதோ மின்னணும் எண்டு என்ட வீட்டில ஊத்தத் துணி ஒண்டும் மிச்சமில்ல."

முதுகில் செதில்

செதில் செய்வதற்குப் பிளாஸ்டிக்கை, கேக் தட்டில் விரிக்கும் பேப்பருக்குள் வைத்து அயன் பெட்டியால் அழுத்த வேண்டும். அழுத்தி முடித்ததும், ஓரத்தால் கசிந்து ஒட்டிய பிளாஸ்டிக் போக அயன் பெட்டியைத் துடைக்கவும் வேண்டும். ஒரு வெள்ளிக்கிழமை துடைக்க மறந்துபோனேன். என்ட வீட்டுக்காரர் அவசரத்தில் வெள்ளை ஜுப்பாவை எடுத்து, முதலில் முதுகுப் பக்கத்தை அயன் பண்ணி, பிறகு முன்பக்கத்தை அயன் பண்ணி, கண்ணாடியில் முன்பக்கத்தை மட்டும் பார்த்துவிட்டு ஜும்ஆ தொழுகைக்குப் போய்விட்டார். அவர் கேட்டைத் தாண்டும்போதுதான் நான் கண்டேன். முதுகில் பச்சைச் செதில், வரிசையாக, சொன்னால் வெட்கம், வடிவாகவும் இருந்தது.

திரும்பி வந்தால் இன்றைக்கு எனக்கு நல்ல பூசைதான் என்று பயந்துபோய்ச் சோற்றைப் போட்டு மூடி வைத்தேன். மனிசன் வந்தார். ஜுப்பாவைக் கழற்றிக் கதிரையில் போட்டார், கை கழுவினார், ரெண்டு வாய் சாப்பிட்டார். "பின் ஸஃப்பு வரிசையில நிண்டவர் தொழுது சலாம் குடுத்த கையோட கேக்கார், இத எங்க தைச்ச எண்டு."

தலையில்லாத டிராகன்

உயிருள்ளதை முழு உருவமாகச் செய்வது எங்கட மார்க்கத்தில் கூடாது. அதனால் என்ட டிராகனுக்குச் சிறகு உண்டு, வால் உண்டு, நகமும் உண்டு, தலை மட்டும் கிடையாது. எங்கட ஆக்கள் பார்த்ததும் விளங்கிக்கொள்ளுவார்கள். பாண்டிருப்பில் இருந்து கெம்பஸ் படிக்கிற தமிழ்ப் பிள்ளை ஒன்று மாலை எடுக்க வந்தா. பெட்டியைத் திறந்து மாலையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தா. தலை கழன்று விழுந்துவிட்டதாக்கும் என்று பெட்டிக்குள்ளும் விரலை விட்டுத் துழாவினா. நான் விசயத்தைச் சொன்னேன். மரியாதையான பிள்ளை, ஓம் ஓம் என்று கேட்டுக்கொண்டா. கழுத்தில் போட்டு அழகு பார்த்து, சந்தோசமாகத்தான் வெளிக்கிட்டா. கேட்டில் கையை வைத்தவ திரும்பி நின்றா. "குறை நினைக்காதீங்க அக்கா, அப்ப இது நெருப்ப எங்கால கக்கும்?"

வீடு பார்க்க வந்தவ

எங்கட பக்கத்தில் கல்யாணம் முடித்தால் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்குக் குடிவருவார். பெண்ணுக்கு வீடு கட்டிக் கொடுப்பது பெற்றவர்கள் பாடு. ஸஜ்னாவுக்காக உம்மா பின்வளவில் வீடு கட்டிக்கொண்டிருந்தா. பூச்சு முடிந்த முதல் அறையில் மாப்பிள்ளைக்கு முந்தி என்ட பிளாஸ்டிக் மூட்டைகள் குடியேறிவிட்டன. சம்மாந்துறையில் இருந்து, பேசி வைத்த மாப்பிள்ளையின் தாய் வீடு பார்க்க வாறா என்று தகவல் வந்ததும், குப்பை பொறுக்கிற வீடு என்று சம்பந்தத்தைக் குழப்பிவிடுவார்கள் என்று உம்மா என்னைப் பிய்த்து எடுத்தா. எல்லாவற்றையும் புது பாத்ரூமுக்குள் திணித்துக் கதவைச் சாத்தினோம். வீடு பார்க்க வருகிற மனிசி பாத்ரூமையும் பார்ப்பா என்ற எண்ணம் எங்கள் ஒருத்தருக்கும் வரவில்லை, பாருங்கள்.

அவ ஹோலைப் பார்த்தா, குசினியைப் பார்த்தா, நேரே போய் அந்தக் கதவைத் திறந்தா. மூட்டை ஒன்று சரிந்து மூடிகள் அவட காலடி வரை உருண்டு வந்தன. ஷவரில் காயப்போட்ட சிறகுகள் தொங்கின. இது யார்ட குப்பை என்று கேட்டா. ஸஜ்னாவின் முகம் செத்துப்போனது. தங்கச்சிட வாழ்க்கை அல்லவா, நான் முந்திக்கொண்டு, மேசன்மார் விட்டுவிட்டுப் போன சாமான் என்று சொல்லிவிட்டேன். உம்மா என்னை ஒரு பார்வை பார்த்தா. முக்காட்டைச் சரிசெய்து, குனிந்து ஒரு மூடியைப் பொறுக்கி, அதில் இருந்த தூசியைத் துடைத்தா. "மேசன்மார்ர இல்ல மதினி, குப்பயும் இல்ல. என்ட மூத்த மகள் நகை செய்யிற, இது அவட தொழில்."

கல்யாணம் நல்லபடி முடிந்து அந்த அறைக்கு மாப்பிள்ளை வந்துவிட்டார், மூட்டைகள் உம்மாட கட்டிலுக்குக் கீழே வந்துவிட்டன, அதை இழுக்கக் குனியும்போதெல்லாம் எனக்குக் கண் கலங்குகிறது, உம்மாவோ அது பிளாஸ்டிக் மணத்தால் என்கிறா.