கரண்ட் கம்பத்துக்குப் பக்கத்து ஜன்னல்

நேற்று சாயந்திரம் எங்கள் வீட்டில் கேசரி.

என்ன விசேஷம் என்கிறீர்களா? என் கணவர் எங்கள் தெருவை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை நடந்து போனார். நடுவில் எங்கேயும் நிற்காமல்!

இதற்கெல்லாமா கேசரி என்று சிரிக்காதீர்கள். முந்திரி போட்டு, நெய் விட்டு, தாராளமாகவே கிளறினேன். ஏன் என்று கேட்டால் நீங்களும் ஒரு கரண்டி வாங்கிக்கொள்வீர்கள்.

என் கணவர் ஏகாம்பரம் பட்டு நெசவாளர். நான் பள்ளிக்கூடத்தில் டீச்சர். ஆரணியில் எங்கள் தெரு முழுக்கத் தறிதான். வீட்டுக்கு வீடு ‘டடக்... டடக்...’ சத்தம். அது நின்றால்தான் எங்களுக்குத் தூக்கம் கெடும். தெருவின் இந்தக் கோடியில் நாங்கள். அந்தக் கோடியில் பாவு நூலும் ஜரிகையும் கொடுத்து நெய்ய வைக்கும் முதலாளி வீடு. தினமும் காலையில் இவர் அங்கே ஒரு நடை போய் வர வேண்டும்.

போன தீபாவளிக்கு முன்னால் இவர் நடையில் ஒரு கோளாறு. பாதித் தெரு போவதற்கு முன்னாலேயே ஒரு கரண்ட் கம்பத்தைப் பிடித்துக்கொண்டு நிற்பார். கொஞ்ச நேரம் அப்படியே நிற்பார். பிறகு ஒன்றுமே நடக்காத மாதிரி கிளம்பிவிடுவார். தினமும் அதே கம்பம்!

கம்பத்தில் என்ன தப்பு? ஒரு தப்பும் இல்லை. ஆனால் கம்பத்துக்கு நேர் எதிரே கன்னியப்பன் வீட்டு ஜன்னல். ஜன்னலுக்குப் பின்னால் அவர் தறி. தறியில் கல்யாண சீசனுக்காகப் புத்தம் புது அன்னப் பட்சி பார்டர்!

இப்போது புரிகிறதா வில்லங்கம்?

எங்கள் தெருவில் அடுத்த வீட்டில் என்ன குழம்பு என்று எட்டிப் பார்க்கலாம். யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள். கூப்பிட்டு ஒரு கிண்ணம் கொடுப்பார்கள். ஆனால் தறியில் புது பார்டர் ஓடும்போது எட்டிப் பார்த்தால் தொலைந்தீர்கள். டிசைன் வெளியே போய்விட்டால் மார்க்கெட்டில் அதற்கு மதிப்பே கிடையாது. ஜன்னலைச் சாத்திவிட்டு நெய்யலாமே என்றால், வெளிச்சம் இல்லாமல் இழை தெரியாது. அதனால் யாரும் யாருடைய ஜன்னல் முன்னாலும் நிற்பதில்லை. செருப்பு அறுந்தால்கூட நாலு வீடு தள்ளிப் போய்த்தான் குனிவோம்.

இந்த லட்சணத்தில், பக்கத்து ஊர் முள்ளிப்பட்டில் ஒரு தறியில் அதே அன்னப் பட்சி இறங்கிவிட்டது என்று யாரோ கொளுத்திப் போட்டார்கள். என் பிறந்த வீடு எந்த ஊர் தெரியுமா? முள்ளிப்பட்டு. இதற்கு மேல் என்ன சாட்சி வேண்டும்?

கன்னியப்பன் எனக்கு அண்ணன் முறை. நேராக வீட்டுக்கே வந்தார். “தங்கச்சி, மாப்ள டெய்லி என் ஜன்னலாண்ட நின்னுகினு கீறாரு. உனக்காகத்தான் பொறுத்துகினு இருந்தேன். வர்ற ஞாயித்துக்கிழமை நாட்டாமைகிட்ட சொல்லிடப் போறேன்” என்றார்.

சொன்னால் என்ன ஆகும்? டிசைன் திருடன் என்று பேர் வந்துவிட்டால் ஆரணியில் எந்த முதலாளியும் பாவு தர மாட்டார். தறி சும்மா கிடக்கும். இவருக்கு நெசவைத் தவிர வேறு எதுவும் தெரியாது.

எனக்குத் தலை சுற்றியது. இவரைக் கேட்டேன். கெஞ்சினேன். பீடியைப் பற்ற வைத்தார். எனக்கு வந்த கோபத்துக்கு அந்தத் தீப்பெட்டியைப் பிடுங்கி, உட்கார்ந்து காலை இறக்கி மிதிக்கிற தறிக்குழிக்குள் எறிந்தேன்.

மறுநாள் எனக்குத் தலைவலி மாத்திரை வாங்க டாக்டரிடம் போனேன். சின்ன வயசு டாக்டர், ஊருக்குப் புதுசு. என்னம்மா டென்ஷன் என்று ஒரு வார்த்தைதான் கேட்டார். அவ்வளவுதான்... கம்பம், ஜன்னல், அன்னப் பட்சி, முள்ளிப்பட்டு எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். வெளியே க்யூ நின்றது. நிற்கட்டும்!

டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார். தினமும் அதே தூரத்திலா நிற்கிறார் என்று கேட்டார். ஆமாம் என்றேன். நின்ற கொஞ்ச நேரத்தில் சரியாகி மறுபடி நடக்கிறாரா? ஆமாம். பீடி உண்டா? தினமும் நானேதான் ஒரு கட்டு வாங்கிக் கொடுக்கிறேன் சார் என்றேன்.

“உங்க வீட்டுக்காரர் ஜன்னலைப் பார்க்கலைம்மா. அவருக்குக் கால்ல ரத்தம் ஓடலை” என்றார்.

பாருங்கள் கூத்தை! ஊரே புகார் என்று சொன்னதை டாக்டர் ஒருத்தர்தான் நோய் என்று கண்டுபிடித்திருக்கிறார்.

இவரை டாக்டரிடம் இழுத்துக்கொண்டு போனேன். டாக்டர் இவர் பாதத்தின் மேல் இரண்டு விரலை வைத்தார். வலது காலில் நாடி துடித்தது. இடது காலில் தேடித் தேடிப் பார்த்தார். இல்லவே இல்லை. கெண்டைக்காலுக்குப் போகும் ரத்தக் குழாய் சுருங்கிவிட்டதாம். நடந்தால் கால் அதிக ரத்தம் கேட்கும், குழாய் கொடுக்காது, கால் பிடித்துக்கொள்ளும். நின்றால் வலி அடங்கிவிடும். இப்படியே பீடியும் பிடித்துக்கொண்டு விட்டுவிட்டால் விரல் கறுத்துவிடும், பிறகு காலையே எடுக்க வேண்டி வரலாம் என்றார்.

அப்போதுதான் இவர் வாயைத் திறந்தார். “குழித்தறிக்காரனுக்குக் காலு போச்சுன்னு தெரிஞ்சா எவன் பாவு குடுப்பான்? அதான் சொல்லலை.”

எனக்கு அழுகையும் வந்தது, கோபமும் வந்தது. சொன்னாலும் பாவு போச்சு, சொல்லாவிட்டாலும் பாவு போச்சு என்று இந்த மனுஷன் இத்தனை நாளாகக் கம்பத்தைக் கட்டிக்கொண்டு நின்றிருக்கிறார்.

நான் டாக்டரைக் கேட்டேன், உட்கார்ந்தபடி தறி மிதிக்கலாமா என்று. தாராளமாக மிதிக்கலாம், பீடிதான் கூடாது என்றார். அது போதும் எனக்கு.

ஞாயிற்றுக்கிழமை. கோயில் மண்டபத்தில் கூட்டம். கன்னியப்பன் அண்ணன் புகாரைச் சொன்னார். இவர் தலையைக் குனிந்துகொண்டார். கற்பூரம் அணைத்துச் சத்தியம் பண்ணச் சொல்லலாமா என்று நாட்டாமை யோசித்தார். எங்கள் தெருக் கூட்டத்தில் பொம்பளைகள் பேசுவது வழக்கமில்லை. நான் எழுந்தேன். தினமும் அறுபது பிள்ளைகளை அடக்குகிற தொண்டை... சும்மா இருக்குமா?

கற்பூரமெல்லாம் வேண்டாம், இவரை முதலாளி வீட்டுக் கோடியிலிருந்து நடக்க விட்டுப் பாருங்கள் என்றேன். ஜன்னலுக்காக நிற்கிறவர் என்றால் ஜன்னலில்தானே நிற்பார்?

நாட்டாமைக்கு இந்த யோசனை ரொம்பப் பிடித்துவிட்டது. அப்புறம் பார்க்க வேண்டுமே... முன்னால் இவர். பின்னால் நாட்டாமை, முதலாளி, கன்னியப்பன், குஞ்சு குளுவான் எல்லாம். சாமி இல்லாத ஊர்வலம்! எதிரே வந்த ஐஸ்காரர், எந்தக் கட்சி என்று விசாரித்தார்.

இவர் நடந்தார். முதலாளி வீடு தாண்டி, ரேஷன் கடை தாண்டி, பிள்ளையார் கோயில் தாண்டி... நின்றார். முகம் வியர்த்துவிட்டது. கையை எதிலோ ஊன்றிக்கொண்டார்.

ஊன்றியது முனுசாமி வீட்டு எருமை மேல்.

கன்னியப்பன் வீட்டு ஜன்னல் இன்னும் எவ்வளவோ தூரத்தில் இருந்தது. எருமை திரும்பி இவரை ஒரு பார்வை பார்த்தது.

நாட்டாமை மெதுவாகக் கேட்டார்: “கன்னியப்பா, எருமைகிட்ட இன்னா டிசைன் கீது?”

தெருவே சிரித்த சிரிப்பு ஆற்றங்கரை வரைக்கும் கேட்டிருக்கும். இவரும் சிரித்துவிட்டார். வலியோடு சிரித்தார், பாவம். நான் காலைப் பற்றி எல்லாவற்றையும் சொன்னேன். முதலாளி பக்கத்தில் வந்து, முதலில் வைத்தியத்தைப் பார், உன் பாவு எங்கேயும் போகாது என்றார். இவர் தோள்துண்டால் முகத்தை மூடிக்கொண்டார். கன்னியப்பன் அண்ணன்தான் முதல் ஆளாக ஓடிவந்து தாங்கிப் பிடித்தார். முள்ளிப்பட்டு விஷயம் என்ன ஆயிற்று என்றால், போய்ப் பார்த்தவர்கள் சொன்னார்கள்... அது அன்னமே இல்லையாம், கிளியாம்!

அன்றைக்குச் சாயந்திரம் தெருவே உட்கார்ந்து அவரவர் பாதத்தில் நாடி தேடியது. நாட்டாமைக்குக் கால் கொஞ்சம் கனம். நாடி கிடைக்கவில்லை. பயந்துபோய் டாக்டரிடம் ஓடி, அது வெறும் சதைதான் என்று தெரிந்த பிறகுதான் சாப்பிட்டார்.

வேலூர் பெரிய ஆஸ்பத்திரியில் ரத்தக் குழாயில் சாய மருந்து ஏற்றி எக்ஸ்ரே எடுத்தார்கள். ஃபிலிமை வெளிச்சத்தில் காட்டியதும் இவர் கண்ணைச் சுருக்கிக்கொண்டு பார்த்தார். “இங்க இழை அறுந்திருக்குது” என்று விரலை வைத்தார். சரியாக அடைப்பு இருந்த இடம்! பெரிய டாக்டர் சிரித்துவிட்டு, பக்கத்தில் மெலிசாகத் தெரிந்த சின்னக் குழாய்களைக் காட்டினார். நடக்க நடக்க இவை பெருத்து ரத்தம் கொண்டுபோகும், ஆபரேஷன் இப்போதைக்கு வேண்டாம் என்றார். மாத்திரை உண்டு. பீடி கிடையாது. தினமும் வலி வரும் வரை நடக்க வேண்டும், நிற்க வேண்டும், மறுபடி நடக்க வேண்டும்.

எந்த நிற்புக்காகப் பஞ்சாயத்து வைத்தார்களோ அதையே மருந்தாக எழுதிக் கொடுத்துவிட்டார்கள்!

பீடியை விடுவதுதான் பெரும் பேஜார். ஆனால் தெருவே காவல் காத்தது. பொட்டிக்கடைக்காரர் இவருக்குக் கமர்கட் மட்டும்தான் விற்றார். கன்னியப்பன் அண்ணன் எங்கள் ஜன்னல் வழியாக எட்டி எட்டிப் பார்த்தார், இவர் புகைக்கிறாரா என்று. இப்போது யார் யாரை உளவு பார்த்தது?

நின்ற இடம் மெல்ல மெல்லத் தள்ளிப் போனது. கம்பம் தாண்டியது. மாவு மெஷின் வந்தது. எருமைக் கொட்டகை வந்தது. “டீச்சர், இன்னிக்கு எதுவரைக்கும்?” என்று கிரிக்கெட் ஸ்கோர் கேட்கிற மாதிரி கேட்டார்கள். பிள்ளையார் கோயிலைத் தொட்ட அன்றைக்கு யாரோ சிதறு தேங்காயே உடைத்துவிட்டார்கள்.

நேற்று அந்தக் கோடி. நிற்காமல்! செய்தி எனக்கு வந்தது, நான் அடுப்பைப் பற்ற வைத்தேன்.

கேசரி ஆனது. ஆறியும் போனது. போனவர் திரும்பவில்லை.

வலி திரும்பிவிட்டதா? எங்கேயாவது விழுந்துவிட்டாரா? கரண்டியும் கையுமாகத் தெருவில் ஓடினேன். தூரத்தில் தெரிந்தார்.

அதே கம்பம். அதே நிற்பு. எனக்குக் கண்ணில் நீர் முட்டிவிட்டது. இத்தனை மாதப் பாடும் வீண்தானா?

கிட்டே போய், “ஏங்க... மறுபடியும் காலா?” என்றேன்.

இவர் திரும்பவே இல்லை. கன்னியப்பன் ஜன்னலுக்குள்ளேயே பார்த்துக்கொண்டு மெல்லிய குரலில் சொன்னார்:

“காலுக்கு ஒண்ணும் இல்ல. அப்பல்லாம் வலியில கண்ணே தெரியலை. இன்னிக்குத்தான் பார்க்கறேன்... இன்னா பார்டரும்மே இது!”

ஜல்தியாகக் கையைப் பிடித்து இழுத்து வந்துவிட்டேன். நோய் குணமாகிவிட்டது, ஐயா... புகார்தான் இனிமேல் உண்மையாகிவிடும்!