இரண்டாம் டிகாக்ஷன் யாருக்கு?

சென்ற செவ்வாய்க்கிழமை மாலை எனக்கு வந்த கோபம் இன்னும் தணியவில்லை. தணிய வேண்டும் என்ற விருப்பமும் எனக்கு இல்லை.

பவானிபூரில், டிராம் பாதையருகே, நம்மவரான ராமசேஷன் காபி கிளப் நடத்துகிறார். "கடை திறந்தால் போதாது, தொழில் தெரிந்த ஆள் வேண்டும்" என்று அவருக்கு உபதேசித்தவன் நான். கும்பகோணத்தில் காபி போட்டுப் பெயர் வாங்கிய கணபதிக்குக் கடிதம் எழுதி வரவழைத்தவனும் நானே. அந்தக் கடிதத்தை நம்பித்தான், மனைவியோடும் கைக்குழந்தையோடும் அவர் கல்கத்தாவுக்கு ரயிலேறினார்.

கணபதி வேலை செய்வதைப் பார்ப்பதே ஒரு படிப்பு. அன்றன்று வறுத்த கொட்டை. அப்போதைக்கப்போது அரைத்த தூள். பில்டரைத் தட்டமாட்டார் — அதுவாகச் சொட்ட வேண்டும். பால் பொங்கியவுடன் இறக்கிவிடுவார், மறுமுறை காய்ச்சமாட்டார். இத்தனை தெரிந்தவர் கையில் கடை செழிக்காமல் என்ன செய்யும்?

ஆனால் செழிக்கவில்லை. வங்காளிகள் ஒருமுறை வந்தால் மறுமுறை வருவதில்லை. கார்டன் ரீச் ஆபீஸில் என் பக்கத்து மேஜைக்காரரான ஹரிபத பாபுவும் என் பெருமையைக் கேட்டு, தனியே போய்க் குடித்துவிட்டு வந்தார். "எப்படி?" என்றேன். மரியாதையாகச் சிரித்தார்... அவ்வளவுதான்.

செவ்வாயன்று நானே அவரை அழைத்துச் சென்றேன். ராமசேஷன் யாரிடமோ பேசிக்கொண்டே இரண்டு டம்ளர்களைக் கொண்டுவந்து வைத்தார். எனக்கு வந்தது காபியா? வெல்லம் கரைத்த வெந்நீர்! எதிரே ஹரிபத பாபுவின் கண்கள் விரிந்தன.

"மொஷாய், இன்றைக்கு என்ன விசேஷம்? இது வேறு காபி!"

டம்ளர்கள் இடம் மாறிவிட்டன. நான் நேரே சமையற்கட்டுக்குப் போனேன். இரண்டு பாத்திரங்களுக்கு முன்னால் கணபதி தலைகுனிந்து நின்றார்.

"நம்மவாளுக்கு முதல் டிகாக்ஷன் சார். சொட்டி முடிஞ்ச தூள்ல மறுபடி வெந்நீர் விட்டது பெங்காலிகளுக்கு. முதலாளி உத்தரவு. கைக்குழந்தைக்காரன்... வாயை மூடிண்டிருந்தேன்."

பின்னாலேயே வந்த ராமசேஷனுக்குச் சிறிதும் கூச்சமில்லை. "என்ன ஓய், பெரிய குத்தம் கண்டுட்டீர்? டீ குடிக்கற நாக்கு அவாளுக்கு. என்ன வித்தியாசம் தெரியப் போறது?"

"தெரிந்ததே! இப்போதுதானே சொன்னார்!"

"உம்ம சிநேகிதரை நீர் மெச்சிக்கும். கடை என்னோடது."

கணபதி இரண்டாவது பாத்திரத்தைத் தூக்கிச் சாக்கடையில் கவிழ்த்தார்.

"அதோட நீயும் வெளியே போ!" என்றார் ராமசேஷன்.

நடந்ததை ஹரிபத பாபுவுக்கு நானே மொழிபெயர்க்க வேண்டியதாயிற்று. அதைவிடக் கேவலமான வேலையை நான் படித்து வாங்கிய இங்கிலீஷ் பட்டம் எனக்குத் தந்ததில்லை. கேட்டுவிட்டு டம்ளரைத் தள்ளி வைத்தார்.

"உங்கள் ஊர்க்காரர்களுக்கு ருசியே தெரியாது என்று நினைத்திருந்தேன், மொஷாய். உங்கள் மனம் நோகக் கூடாதென்றுதான் சிரித்தேன்."

நாம் அவர்களுக்கு நாக்கில்லை என்று எண்ண, அவர்கள் நமக்கு நாக்கில்லை என்று எண்ண... இதற்குத்தானா அங்கிருந்து இவ்வளவு தூரம் கொட்டையும் பில்டரும் சுமந்து வந்தோம்?

"உங்கள் கணபதியைக் கேளுங்கள்," என்றார் மறுபடி. "என் வீட்டு முன்னறை தெருவைப் பார்த்துச் சும்மா கிடக்கிறது. அங்கே கடை போடுவாரா?"

கேட்டேன். கணபதி கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னார்: "எல்லாருக்கும் ஒரே டிகாக்ஷன்தான் போடுவேன்னு சொல்லுங்கோ சார்."

ராமசேஷன் மீது எனக்குக் கோபம் இருக்கிறது. ஆனால் முழுக் கோபத்தையும் அவருக்கே கொடுத்துவிடுவது நியாயமாகாது. மூன்று மாதமாக அந்தக் கடையில் முதல் டிகாக்ஷனை ரசித்துக் குடித்தவன் நான்...

பக்கத்தில் இருந்தவருடைய டம்ளரை ஒருநாளாவது எட்டிப் பார்த்தேனா?