பச்சை வானத்துக்கு எடுத்துவைத்த கோட்டு

திருடியவன் நான்தான். ஜப்பான்காரன் அல்ல!

எதை என்று கேட்கிறீர்களா? என் மனைவி அங்கம்மாவின் கம்பளிக் கோட்டை. ஒரு கட்டுப் புகையிலைக்கு அதைக் கைமாற்றிவிட்டு, பழியை ஒரு சிப்பாயின் தலையில் கட்டினேன். இத்தனை வருடமாக இதை எவரிடமும் சொன்னதில்லை... சிரிப்பு வந்தால் சிரியுங்கள். நான் வாய் திறந்தாலே ஆட்கள் சிரித்துப் பழகிவிட்டார்கள்.

பினாங்குக்கு எதிர்க்கரையில், திகாம் பத்து என்ற ஊருக்கு உள்ளே தள்ளி ஒரு ரப்பர்த் தோட்டம். நான் பால்மரம் வெட்டினேன்; பட்டையைக் கீறிப் பாலெடுக்கும் வேலை. அங்கம்மா துரை பங்களாவில் துணி துவைத்தாள். ஜப்பான்காரன் வருகிறான் என்றதும் துரையும் துரைசானியும் காரில் ஏறிப் பறந்தார்கள். இடம் போதாமல் அவர்கள் இறக்கிப் போட்ட சாமான்களில் அங்கம்மா எடுத்துவந்தது இரண்டே பொருள்: துரைசானியின் கம்பளிக் கோட்டு, ஒரு கப்பல் கம்பெனியின் படப்புத்தகம்.

படத்தில் பனிமலைகள், நடுவே ஒரு கப்பல், மேலே பச்சைப்பசேலென்று நெளியும் வானம்! உலகத்தின் வடகோடியில் வானம் அப்படித்தான் ஒளிருமாம். அதைப் பார்க்கவே வெள்ளைக்காரர்கள் கப்பலேறுவார்கள் என்று துரைசானி அவளிடம் சொல்லியிருந்தாள்.

“சண்டை முடிஞ்சதும் நாமளும் போறோம்” என்றாள் அங்கம்மா.

உப்பில்லாத மரவள்ளிக்கிழங்கைத் தின்றுவிட்டு, சாயங்காலம்தோறும் எங்கள் லயத்து வீட்டு வாசலில் பயணத் திட்டம் போட்டோம்.

“கோலா கெடாவுல படகு. பினாங்குல பெரிய கப்பல். அப்புறம் மாமா?”

“அப்புறம் நேரா வடக்கு. முட்டுற வரைக்கும் போவ வேண்டியதுதான்.”

“அங்க மாசக்கணக்கா விடியவே விடியாதாமே!”

“அப்ப காலையில பெரட்டே கெடையாதா? கங்காணி எப்படிப் பேரு கூப்புடுவான்? நான் அங்கேயே இருந்துக்கிறேன்லா!”

அந்தக் குளிரில் தோசை மாவு புளிக்குமா என்று ஒரு நாள் முழுக்க விவாதம். கோழிகளை யாரிடம் விட்டுப் போவது என்பதில் சண்டை முற்றி இரண்டு நாள் பேச்சுவார்த்தையே இல்லை. எங்களிடம் இருந்ததோ ஒரே ஒரு கோழி!

எனக்கு அது விளையாட்டு. அவளுக்கு...? சாக்கைத் துணியாகச் சுற்றிக்கொண்டு பெண்கள் நடமாடிய காலம் அது. கோட்டை வெட்டி இரண்டு சட்டை தைத்துக்கொள் என்று பக்கத்து வீட்டுக்காரி சொன்னபோது அவளை அடிக்கப் போனாள். சில நாள் அதைப் போட்டுக்கொண்டு, புழுக்கத்தில் வேர்க்க விறுவிறுக்க நின்று, “ஐயோ, குளுருதே!” என்பாள். அவ்வளவு அழகாக இருப்பாள்.

கை நீளம் அதிகம், தையற்காரரிடம் கொடுத்துக் குறைத்து வாருங்கள் என்று ஒரு நாள் என்னை அனுப்பினாள்.

வழியில் கோலா கெடாவிலிருந்து கருவாடு கொண்டுவந்த ஒரு மீனவர் கோட்டைத் தடவிப் பார்த்தார். கடற்காற்றுக்கு நல்லது, என்ன வேண்டும் என்றார். கருவாடு கேட்டிருக்கலாம், அவள் தட்டிலாவது விழுந்திருக்கும். நான் அவர் மடியில் இருந்த புகையிலையைக் காட்டினேன்! மூன்று மாதமாகப் புகை காணாத வாய்...

“சந்தியில காவலுக்கு நிக்கிற ஜப்பான்காரன் புடுங்கிட்டான்” என்றேன் வீட்டுக்கு வந்ததும்.

“எவன்?”

“குட்டையா இருப்பானே... முன்பல்லு தங்கம். போட்டுப் பாக்குறான், தோளு நொழையல!”

தங்கப்பல்லா என்று இரண்டு முறை கேட்டுக்கொண்டாள். புடுங்கிட்டான் என்பதோடு நிறுத்தியிருக்கக் கூடாதா நான்? பொய்க்குப் பல் எதற்கு? அதிலும் தங்கப்பல் எதற்கு?

மறுநாள் நான் வேலைக்குப் போனதும் அவள் சந்திக்குப் போயிருக்கிறாள். அங்கே தங்கப்பல்லோடு ஒருவன் நின்றிருக்கிறான்... உண்மையாகவே! இடுப்பு வளைய வணங்கி, கையையும் பொத்தானையும் சைகையில் காட்டி, கோட்டைத் திருப்பிக் கேட்டிருக்கிறாள். அவனுக்கு என்ன விளங்கியதோ. ஒரே அறை.

அந்த நேரத்தில் நான் எங்கே இருந்தேன் தெரியுமா? பால்கொட்டகைக்குப் பின்னால் உட்கார்ந்து புகைத்துக்கொண்டிருந்தேன்.

இடது காதிலிருந்து இரத்தம். அதன் பிறகு அந்தக் காது கேட்கவே இல்லை. அன்று சாயங்காலம் காதில் துணியை அழுத்திக்கொண்டு அவள் சொன்னாள்:

“கோட்டு போனாப் போவுது மாமா. உங்கள அடிக்காம விட்டானே... அது போதும்.”

அப்போதே சொல்லியிருக்கலாம். வாயைத் திறந்தேன். வந்தது என்ன? “இனிமே என் கொறட்ட ஒனக்குப் பாதிதான் கேக்கும் புள்ள!” அவள் சிரித்தாள். வலியில் முகம் கோணக் கோணச் சிரித்தாள்.

சண்டை முடிந்தது. எங்களை ஏற்றிப் போக எந்தக் கப்பலும் வரவில்லை, பிள்ளைகள்தான் வந்தார்கள். வயிறு நிறையச் சாப்பிட்ட எந்த நாளும் அந்தப் பட்டினிச் சாயங்காலங்களைப் போல இனிக்கவில்லை. நினைத்து நினைத்து ஏங்குகிறேன். ஏங்க எனக்கு என்ன யோக்கியதை?

போன வாரம் அவள் முற்றத்தில் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். இடப்பக்கம் போய் உட்கார்ந்தேன். மீனவர், புகையிலை, தங்கப்பல்... எல்லாவற்றையும் சொல்லி முடித்தேன். ஒரு கேலி கலக்காமல், வாழ்க்கையில் முதன்முறையாக!

என் உதடு அசைவதைக் கடைக்கண்ணால் பார்த்திருக்க வேண்டும். நிமிர்ந்தாள்.

“என்ன மாமா மொணங்குறீங்க? இந்தப் பக்கம் வந்து சொல்லுங்க.”

எழுந்தேன். சுற்றிக்கொண்டு போய் அவள் வலப்பக்கம் உட்கார்ந்தேன். கையில் கீரையோடு, முகத்தை என் பக்கம் சாய்த்துக் காத்திருந்தாள்.

“கீரையில மண்ணு இருக்கு. நல்லா அலசு” என்றேன்.