தண்ணீர் குடிக்கும் டயர்

லூர்துராணி டயரின் ஒரு பல்லைக் கட்டைவிரல் நகத்தால் அழுத்திவிட்டு எண்ண ஆரம்பித்தாள். நகம் பதிந்த குழி ஐந்து எண்ணுவதற்குள் மறைந்துவிட்டால் அந்த ரப்பர் அவளுக்கு ஆகாது. பாறையில் பட்டதும் துள்ளும் என்பாள். பத்தைத் தாண்டியும் குழி அப்படியே இருந்தால் அதுவும் ஆகாது. வெயில் ஏறினால் குழைந்துவிடும். ஏழு, எட்டில் மறைய வேண்டும். கூரியரில் வந்த நான்கு டயர்களையும் இப்படி எண்ணிப் பார்த்து, மூன்றை வைத்துக்கொண்டு ஒன்றைத் திருப்பி அனுப்பினாள். விற்றவர் போனில் வந்து, நாலும் ஒரே அச்சில் வார்த்ததுதான் மேடம் என்று விளக்கிப் பார்த்தார். "ஒரே வயித்துல பொறந்ததெல்லாம் ஒண்ணாவா இருக்கு? வேற அனுப்புங்க" என்று சொல்லி வைத்துவிட்டாள்.

அரியமங்கலத்தில் லேத்துப் பட்டறைகள் வரிசையாக இருக்கும் தெருவில் அவளுடைய குஷன் கடை. பைக் சீட், ஆட்டோ சீட், எப்போதாவது ஒரு சோபா. கடைக்குப் பெயர்ப்பலகை உண்டு, ஆனால் அதை யாரும் படிப்பதில்லை. தெருவுக்கு அவள் குஷன் அக்கா. வயது நாற்பத்தொன்பது. மேஜையின் ஒரு பக்கம் பைக் சீட்டுகள் வயிறு கிழிந்து கிடக்கும். மறுபக்கம் உள்ளங்கை அகலத்தில் டயர்கள். சீட் தைக்க வந்தவர் முதலில் எதைப் பார்க்கிறார் என்பதை அவள் ஓரக்கண்ணால் கவனிப்பாள்.

டயர்கள் ரிமோட்டில் ஓடும் வண்டிக்கானவை. ராக் கிராலர் என்று பெயர். ஒரு பூனை அளவு இருக்கும். சீறிக்கொண்டு ஓடுகிற ரகம் இல்லை. பாறையைப் பிடித்துப் பிடித்து ஊர்ந்து ஏறுவது மட்டும்தான் அதற்குத் தெரியும். திருச்சியில் இந்தக் கிறுக்குப் பிடித்த முப்பது பேருக்கு ஒரு வாட்ஸாப் குழு இருக்கிறது. அதில் லூர்துராணி ஒருத்திதான் பெண். மற்ற இருபத்தொன்பது பேரும் மோட்டாரையும் பேட்டரியையும் பற்றி நாள் முழுக்க அளப்பார்கள். அவள் எப்போதாவது ஒரு வரி போடுவாள். "மோட்டார் தள்ளத்தான் செய்யும். புடிக்கிறது டயர்." அதற்கு யாரும் பதில் போடுவதில்லை.

இவளை இதற்குள் இழுத்துவிட்டது ஸ்ரீநாத். ஸ்ரீரங்கம் சித்திரை வீதியில் வீட்டிலிருந்தபடியே கம்ப்யூட்டர் வேலை பார்ப்பவன். குழுவை நடத்துபவனும் அவனே. நாலு வருஷத்துக்கு முன்னால் ஒரு ஃபோம் வளையத்தை எடுத்துக்கொண்டு கடைக்கு வந்தான். டயருக்குள் காற்றுக்குப் பதிலாக வைப்பது, வெளிநாட்டிலிருந்து வந்தது, இதே போல எட்டு வெட்டித் தர முடியுமா என்று கேட்டான். லூர்துராணி அதைப் பிசைந்து பார்த்தாள். "உள்ள கெட்டி, வெளிய மெத்து. இதைத்தானே நான் இருபது வருஷமா சீட்டுக்கு வைக்கிறேன். இதுக்கு எதுக்கு அந்த நாட்டுக்குப் போனீங்க?" எட்டையும் வெட்டிக் கொடுத்தாள். அடுத்த ஞாயிறு, சர்ச்சில் பூசை முடிந்த கையோடு, தன் ஃபோம் என்ன செய்கிறது என்று பார்க்கக் கொள்ளிடக் கரைக்குப் போனாள். பெரிய பெரிய கற்களின் மேல் அந்தக் குட்டி வண்டி முக்கி முனகி ஏறுவதை ஒன்றரை மணி நேரம் நின்று பார்த்தாள். மறு வாரம் ஸ்ரீநாத்தின் பழைய வண்டி அவளுடையதாகிவிட்டது.

டயரின் உறுப்புகளுக்கு அவள் வைத்ததுதான் பெயர். மேலே துருத்தியிருப்பவை பல். பக்கவாட்டுச் சுவர் கன்னம். உள்ளே ஃபோம், அது சதை. காற்று வெளியேறப் போடும் ஓட்டை மூக்கு. "கன்னம் ரொம்பத் தொங்குனா சரிவுல சாஞ்சிரும். கன்னம் வெறைச்சுக்கிட்டு இருந்தா பாறைய அணைக்காது" என்று அவள் விளக்கும்போது, கேட்பவர் தன் கன்னத்தைத் தடவிக்கொள்வதைப் பார்க்கலாம். புது டயர் வந்தால் முதல் வேலை, துணி சோப்பும் தேங்காய் நாரும் போட்டு அதன் மினுமினுப்பு போகத் தேய்ப்பது. அடுத்து பிளேடு. ஒரு பல் விட்டு ஒரு பல்லில் நடுவே கீறுவாள். கீறும்போது மூச்சை அடக்கிக்கொள்வாள். அந்த நேரத்தில் கடைக்கு வருபவர் நின்றுதான் ஆக வேண்டும். கீறல் ஆழமாகிப் பல் பிய்ந்துபோன டயர்களைத் தூக்கி எறிவதில்லை. ஒரு கம்பியில் கோத்துச் சுவரில் மாட்டியிருக்கிறாள். கற்றுக்கொள்ள வருகிறேன் என்று யாராவது வந்தால் முதலில் அதைத்தான் காட்டுவாள்.

கணவர் பிலோமின்ராஜ் பொன்மலை ரயில்வே பட்டறையில் ஃபிட்டர். "நான் அங்க நூறு டன் இன்ஜினோட மல்லுக்கட்டிட்டு வரேன். இவ இங்க ரெண்டு கிலோ வண்டிக்கு மூக்கு குத்திக்கிட்டு இருக்கா" என்பது அவருடைய நிரந்தரக் கிண்டல். ஆனாலும் ஞாயிற்றுக்கிழமை பை தூக்கிக்கொண்டு கூடவே வந்துவிடுவார்.

கொள்ளிடக் கரையில் நடைப்பயிற்சிக்கு வருகிறவர்களுக்கு இவளைப் பார்த்தால் சும்மா போக முடியாது. ஒரு நாள் ஒரு பெரியவர் நின்றார்.

"பேரனுக்கு வாங்குனதாம்மா?"

"எனக்கு வாங்குனதுங்க."

"இந்த வயசுலயா?"

"டப்பாவுல பதினாலு வயசுக்கு மேலன்னுதான் போட்டிருக்கு. நான் மேலதான் இருக்கேன்."

பெரியவர் அதற்கப்புறம் அந்தப் பக்கமாக நடப்பதில்லை.

போன தை மாதம் நடந்ததைச் சொல்ல வேண்டும். உப்பிலியபுரம் பக்கத்தில் கைவிட்ட ஒரு கல்குவாரியில் குழுவின் ஆண்டுப் போட்டி. பாறையில் ஜோடி ஜோடியாகக் குச்சி நட்டிருப்பார்கள். வண்டி அவற்றுக்கு நடுவே போக வேண்டும். கிளம்பும் முன் வண்டியை எடை போட்டு நோட்டில் எழுதுவார்கள். முடித்ததும் மறுபடி எடை. கிளம்பும்போது எவ்வளவு கனம் இருந்தாலும் கேள்வியில்லை, முடிக்கும்போது கூடியிருந்தால் அவர் ஆட்டத்தில் இல்லை. முன்னொரு வருஷம் ஒருவர் பாதி வழியில் ஈயத் துண்டைச் செருகி மாட்டிக்கொண்டதால் வந்த விதி அது. சக்கரத்தில் கனம் இருந்தால் வண்டி செங்குத்தில் குட்டிக்கரணம் அடிக்காமல் ஏறும். அது எல்லோருக்கும் தெரிந்த விஷயம்.

கடைசிக்கு முந்தைய கட்டத்தில் ஸ்ரீநாத் ஒரு குழி வெட்டித் தண்ணீர் நிரப்பி வைத்திருந்தான். அதைத் தாண்டினால் ஆளுயரச் சுவர் மாதிரி ஒரு பாறை. பதினாறு வண்டிகள் வந்தன. பதினைந்தும் அந்தப் பாறையில் மல்லாந்தன. லூர்துராணியின் வண்டி குழியில் இறங்கி, கொஞ்சம் திணறி, கரையேறி, பாறையில் முன்சக்கரத்தை வைத்தது. எங்கும் நிற்காமல் உச்சிக்குப் போய்விட்டது. அவளுக்கே நம்ப முடியவில்லை. அப்படியொரு செங்குத்தில் கொள்ளிடக் கரையில் அவள் எத்தனையோ முறை கவிழ்ந்திருக்கிறாள்.

எடை போட்டபோது காரணம் தெரிந்தது. முந்நூற்று நாற்பது கிராம் கூடுதல். மற்றவர்களின் வெளிநாட்டு ஃபோம் தண்ணீரைச் சேர்க்காது. இவளுடைய சீட் ஃபோம் குழியில் இறங்கியதும் வயிறு முட்டக் குடித்திருந்தது.

"எடை கூடியிருக்கு அக்கா. ரூல்படி எடுக்க முடியாது" என்றான் ஸ்ரீநாத், தரையைப் பார்த்தபடி.

"தண்ணிய நானா ஊத்துனேன்? நீங்க வெட்டுன குழி."

"மத்தவா டயர்ல தண்ணி ஏறலையே…"

"மழையில நனைஞ்சா சட்டை கனக்கத்தான் செய்யும். இடுப்புல கல்லக் கட்டிக்கிட்டு வந்தேன்னு சொல்லுவீங்களா?"

பரிசளிப்பில் அவளுக்கும் ஒரு கேடயம் நீட்டினார்கள். 'சிறந்த மகளிர் போட்டியாளர்' என்று அதில் பொறித்திருந்தது.

"எத்தனை பொம்பளைங்க வந்தோம்?"

"நீங்க ஒருத்தர்தான் அக்கா."

"அப்ப கடைசியா வந்ததும் நான்தானே. அதையும் எழுதிக் குடுங்க."

வாங்கிட்டு வாம்மா, பஸ்ஸுக்கு நேரமாச்சு என்று பிலோமின்ராஜ் பின்னாலிருந்து கிசுகிசுத்தார். அவள் காதில் போட்டுக்கொள்ளவில்லை. கேடயம் மேஜையிலேயே கிடந்தது.

அதோடு விட்டிருப்பாள். மறுநாள் குழுவில் ஒருவர் எழுதியிருந்தார்: "குஷன் அக்கா தண்ணிய ஒளிச்சு வச்சு ஏமாத்திருச்சு." கூடவே சிரிக்கும் பொம்மைகள் நாலைந்து. லூர்துராணி அதைத் திரும்பத் திரும்பப் படித்தாள். பழைய ஃபோமை உள்ளே வைத்து, மேலே புது ரெக்ஸின் போட்டுத் தைத்துக் கொடுப்பது அவள் தொழிலில் சர்வசாதாரணம். பிரித்துப் பார்க்காமல் யாருக்கும் தெரியாது. இருபத்திரண்டு வருஷத்தில் ஒரு சீட்டில்கூட அவள் அதைச் செய்ததில்லை. தோற்றது அவளுக்கு வலிக்கவில்லை. அந்த ஒரு சொல் வலித்தது. அன்றைக்கு மூன்று சீட்டில் தையல் கோணிப் பிரித்துத் தைத்தாள்.

அப்புறம் கடையில் ஒரு வாளியும் சமையலறைத் தராசும் வந்து சேர்ந்தன. ஏழு வகை ஃபோமை நனைத்து, எடை போட்டு, பிழிந்து, மறுபடி எடை போட்டாள். சில குடித்த வேகத்தில் கக்கிவிடும். சில உதட்டைக்கூட நனைத்துக்கொள்ளாது. கடைசியில், கண்ணுக்குத் தெரியாத பொடித் துளைகள் உள்ள ஒரு ரகம் அகப்பட்டது. குடித்ததை அது லேசில் விடுவதில்லை. மூக்குகளை அடைத்துவிட்டு, ஊசிமுனை அளவில் ஒன்றை மட்டும் விட்டாள். கனத்த சக்கரத்தோடு பழகும்போது இரண்டு முறை அச்சு முறிந்தது.

பிலோமின்ராஜுக்குப் பொறுக்கவில்லை. "ஆரம்பத்துலயே ஈயத்தக் கட்டிக்கிட்டு எடைக்கு நில்லு. எல்லாரும் அதத்தான செய்றாங்க. எதுக்கு இந்தத் தண்ணி வம்பு?"

"ஈயத்த ரிம்முலதான் ஒட்ட முடியும். தண்ணி சதையிலயே ஊறி பல்லுக்கிட்ட கனக்கும், அதான் நல்லது" என்றாள். பிளேடைத் துடைத்து வைத்துவிட்டு மீதியையும் சொன்னாள். "ஈயத்துல ஏறுனா ஈயம் ஏறுச்சுன்னு போயிரும். அவங்க ஏமாத்துன்னு சொன்னது தண்ணிய. நான் தண்ணியிலதான் ஏறணும்."

"ஏறலன்னா?"

"ஏறலன்னா கவுந்துட்டு வரேன். ஒளிச்சு வைக்கலன்னாவது தெரியுமில்ல."

இந்தத் தை மாதம் வந்தது. சனிக்கிழமை சாயங்காலப் பூசைக்கே போய்விட்டு வந்துவிட்டாள். ஞாயிறு காலையில் துறையூர் பஸ்ஸில் மடியில் மூடி போட்ட ஒரு பெயிண்ட் வாளி. பக்கத்தில் பிலோமின்ராஜ், சக்கரமில்லாத வண்டியைக் கைக்குழந்தை மாதிரி ஏந்திக்கொண்டு. வாளிக்குள் ஏதோ தளும்பும் சத்தம் கேட்டு கண்டக்டர் குனிந்தார்.

"என்னம்மா, மீனா?"

"டயர்."

"டயரா? டயர ஊற வச்சா எடுத்துட்டுப் போறீங்க?"

"நேத்துலேருந்து ஊறுது."

கண்டக்டர் பிலோமின்ராஜைப் பார்த்தார். பிலோமின்ராஜ் ஜன்னலுக்கு வெளியே பார்த்தார்.

குவாரியில் பதிவு மேஜையில் ஸ்ரீநாத் உட்கார்ந்திருந்தான். எதிரில் காய்கறிக் கடை ரகத் தராசு, பக்கத்தில் நோட்டு. வரிசையில் அவளுக்கு முன்னால் ஆறு பேர். அவள் வாளியைக் கீழே வைக்காமல் நின்றாள். தராசில் ஏற்றமாட்டோம் என்று சொல்லிவிட்டால் அவ்வளவுதான். ஏமாற்று என்ற சொல் இன்னொரு வருஷத்துக்கு அவள் பெயரோடு ஒட்டிக்கொண்டிருக்கும். முறை வந்ததும் வாளியை மேஜைமேல் வைத்து மூடியைத் திறந்தாள். ஒவ்வொரு சக்கரமாக வெளியே எடுத்து, எல்லோரும் பார்க்க, வண்டியில் மாட்டித் திருகினாள். முழங்கை வழியாகத் தண்ணீர் ஒழுகியது. வரிசை கலைந்து மேஜையைச் சுற்றிக் கூடியது. போன வருஷம் சிரிக்கும் பொம்மை போட்டவரும் அதில் இருந்தார்.

வண்டியைத் தூக்கித் தராசில் வைத்தாள். "கூடுனாத்தான் தப்புன்னு எழுதியிருக்கீங்க. போற வழியில ஒழுகிக் கொறையும். அதுக்கு ரூல் இருந்தா இப்பவே சொல்லிருங்க."

ஸ்ரீநாத் விதிகள் அடித்த தாளை எடுத்து மேலிருந்து கீழ்வரை படித்தான். திருப்பிப் பின்பக்கத்தையும் பார்த்தான். தராசிலிருந்து வழிந்த தண்ணீர் மேஜையில் ஓடி நோட்டைத் தொட்டது.

"சரி அக்கா. எடை போட்டுக்கறேன். ஒரு தரம் தொடைச்சுட்டு வைங்கோ" என்று தோளில் கிடந்த துண்டை எடுத்து நீட்டினான்.

லூர்துராணி துண்டை வாங்கிக்கொண்டாள். வண்டியைத் தொடவில்லை. நோட்டைத் தன் பக்கம் திருப்பி, தன் பெயருக்கு நேரே தேங்கியிருந்த தண்ணீரை மட்டும் ஒற்றியெடுத்தாள். எடை எழுத வேண்டிய கட்டம் காய்ந்துவிட்டதா என்று தடவிப் பார்த்தாள். பிறகு, ஈரத்தோட எடைய இங்க எழுதுங்க என்பது போல அதன்மேல் விரலை வைத்துக்கொண்டு நின்றாள்.