பரீட்சை முடியட்டும்

மகள் வீட்டுக்கு வரும் நாளன்று காலையில் லாண்டரியக்கா கணவருக்கு முகம் மழித்துவிட்டுக்கொண்டிருந்தாள். ஜன்னலோரம் நாற்காலியைப் போட்டு அவரை உட்காரவைத்து, கழுத்தைச் சுற்றித் துண்டைச் செருகி, கிண்ணத்தில் வெந்நீர் வைத்திருந்தாள். இடது கன்னத்தில் தொல்லையில்லை. வலது கன்னம் தொங்கிக் கிடந்ததால் பிளேடு வழுக்கியது. சட்டைக் காலரை இஸ்திரி போடுமுன் முனையைப் பிடித்து இழுத்துக்கொள்வாளே, அதுபோலக் காதோரம் விரலை வைத்துத் தோலை இழுத்துப் பிடித்துக்கொண்டு மழித்தாள்.

"வாயைக் கொஞ்சம் உப்புங்க" என்றாள். சொன்ன பிறகுதான் அவரால் அது முடியாது என்று உறைத்தது. நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

கட்டில் விரிப்பை மாற்றிக்கொண்டிருந்த நாத்தனார் திரும்பிப் பார்த்தாள். அவருடைய அக்கா அவள்; தம்பி படுக்கையில் விழுந்த நாளிலிருந்து இங்கேயே தங்கியிருக்கிறாள்.

"இவ்வளவு சிங்காரம் எதுக்கு? மாப்பிள்ளை பார்க்கவா வர்றாங்க?"

"அவ பார்த்ததும் பயந்துடக் கூடாது, அண்ணி."

"மீசையை ஒதுக்கிவிட்டா பயம் போயிடுமா? இப்பவாவது போன் போட்டுச் சொல்லு. படியேறி வந்து திடுதிப்புன்னு பார்த்தா அந்தப் பிள்ளை என்னத்துக்கு ஆகும்?"

"பஸ்ல தனியா உட்கார்ந்து அழுதுகிட்டே வரணுமா? வந்து சேரட்டும்."

"நீயும் ஒண்ணொண்ணா தள்ளிப் போட்டுகிட்டேதான் இருக்கே" என்று சொல்லிவிட்டு நாத்தனார் தலையணையை ஓங்கி இரண்டு தட்டுத் தட்டினாள். அது தலையணைக்கு விழுந்த அடியில்லை என்பது அறையிலிருந்த மூன்று பேருக்கும் தெரியும்.

லாண்டரியக்கா என்று தெருவில் கூப்பிடுவதைக் கேட்டால் அவள்தான் கடைக்குச் சொந்தக்காரி என்று தோன்றும். அப்படியில்லை. சந்தைக்குப் போகிற தெருவில் இருக்கும் அந்தக் கடையில் மகள் பிறப்பதற்கு முன்பிருந்தே இஸ்திரி மேசைக்குப் பின்னால் நிற்கிறவள். முதலாளிகள் இரண்டு முறை மாறிவிட்டார்கள். மேசை மாறவில்லை. நின்று நின்று கணுக்காலில் நரம்பு சுருண்டிருக்கிறது. துணியைத் தொட்டதுமே எவ்வளவு சூடு தாங்கும் என்று அவள் கை சொல்லிவிடும் என்பார்கள். அவளோ, "எரிச்சுப் பழகினதுதான், என்ன பெரிய வித்தை" என்பாள்.

அவள் படித்திருக்க வேண்டியவள். பள்ளியின் கடைசிப் பரீட்சை நடந்துகொண்டிருந்தபோது சித்தப்பா ஒருவர் மூச்சிரைக்க ஓடிவந்து, கட்டட வேலையில் அப்பா சாரத்திலிருந்து விழுந்துவிட்டார், உயிர் நிற்காது என்று சொல்லி அவளைப் பாதியில் எழுப்பிக் கூட்டிக்கொண்டு போனார். அப்பாவுக்கு உடைந்தது தோள்பட்டை மட்டும்தான். கட்டுப் போட்டுக்கொண்டு வீட்டில் உட்கார்ந்து காபி குடித்தார். மறுவருஷம் எழுதிக்கொள்ளலாம் என்றார்கள். மறுவருஷம் அவள் லாண்டரியில் சேர்ந்திருந்தாள். இதை அவள் யாரிடமும் குறையாகச் சொன்னதில்லை. ஆனால் மகள் கல்லூரி விடுதிக்குப் போன அன்று கணவரிடம் ஒரே ஒரு வார்த்தை சொன்னாள்: "இந்த வீட்ல என்ன இடி விழுந்தாலும் பரீட்சை நேரத்துல அவளுக்குச் சொல்லக் கூடாது." அவரும் சரியென்று தலையாட்டினார். விழப்போகிற இடி தாம்தான் என்று அவருக்கு எப்படித் தெரியும்?

அவர் டிரைவிங் ஸ்கூலில் மாஸ்டர். கார் ஓட்டக் கற்றுக்கொள்கிறவர்களுக்குப் பக்கத்து இருக்கையில், தமக்கென்று தனியாக ஒரு பிரேக்கை வைத்துக்கொண்டு, நாள் முழுக்கப் பேசிக்கொண்டே இருப்பது அவர் வேலை. "கிளச்சை மிதிங்க. இப்போ மெல்ல விடுங்க. மெல்லன்னேன்." எத்தனை பேர் எத்தனை சுவரை நோக்கிப் போனாலும் அவர் குரல் உயர்ந்ததில்லை. குரல் உயர்ந்தால் கற்றுக்கொள்கிறவன் கால் நடுங்கும், நடுங்கினால் ஆக்சிலேட்டரில்தான் போய் விழும் என்பார். வேறு யாருடைய வண்டியில் ஏறினாலும் அவருடைய வலது கால் தரையை மிதித்துக்கொண்டே வரும். வீட்டில் லாண்டரியக்கா குரலை உயர்த்தினாலும் அந்தக் கால் லேசாக மிதிக்கும். மகள் அதைக் கண்டுபிடித்து, "அம்மா, மாஸ்டர் உனக்கு பிரேக் போடறார் பாரு" என்று சிரிப்பாள். மனைவிக்கு மட்டும் அவர் ஓட்டக் கற்றுத் தரவில்லை. ஒருநாள் தொடங்கினார்; தெருமுனை வருவதற்குள் இருவருக்கும் பேச்சு நின்றுபோய், இறங்கி ஆளுக்கொரு பக்கமாக நடந்து வீட்டுக்கு வந்தார்கள்.

மகள் விடுதிக்குப் போகும்போதும் வரும்போதும் ஒரு வழக்கம் இருந்தது. பஸ் மாறுகிற இடத்திலெல்லாம் அவள் போன் செய்ய வேண்டும். டிரைவருக்குப் பின்னால் உட்கார், சக்கரத்துக்கு மேலே உட்காராதே, இறங்கும்போது இடது காலை வை என்று அவர் ஆதியோடந்தமாகச் சொல்வார். "மூணு வருஷமா இதேதான் சொல்றீங்க மாஸ்டர்." "மூணு வருஷமா பத்திரமா போய்ச் சேர்றியா இல்லையா?" வழக்கமான சண்டை.

அவள் இரண்டாவது பரீட்சை எழுதிக்கொண்டிருந்த அன்று, வகுப்பு முடித்து வண்டியை நிறுத்திய இடத்திலேயே அவர் சாய்ந்துவிட்டார். மூளையில் ரத்தம் உறைந்திருக்கிறது என்றார்கள். வலது கையும் காலும் இழுத்துக்கொண்டன. பேச்சு இருந்தது. வாயில் ஏதோ அடக்கிக்கொண்டு பேசுவதுபோல இருந்தது. பக்கத்தில் காதை வைத்தால் புரிந்தது.

நினைவு தெளிந்ததும் அவர் கேட்டது, "குட்டிக்குச் சொன்னியா?"

"பரீட்சை முடியட்டும்."

அவர் தலையாட்டினார். அவரும் ஒத்துக்கொண்டதுதானே அது.

பரீட்சை முடிந்த அன்று மகளே கூப்பிட்டாள். லாண்டரியக்கா ஆஸ்பத்திரி வார்டில் கட்டிலருகே உட்கார்ந்திருந்தாள். மகளின் குரலில் தலைகால் புரியாத சந்தோஷம். சிநேகிதிகள் எல்லோரும் மலைக்குப் போய்விட்டு, அங்கிருந்து ஒருத்தியின் ஊருக்குக் கடல் பார்க்கப் போகிறார்கள். இதுதான் கடைசி வருஷம். இனிமேல் யார் எங்கே இருப்பார்களோ. "போகட்டுமாம்மா? நீ வேண்டாம்னா நேரா வந்துடறேன்."

அந்த ஒரு நிமிஷத்தில் அவள் என்னென்னவோ யோசித்தாள். மருத்துவர் அன்று காலையில்தான் நல்ல முன்னேற்றம் என்றிருந்தார். ஒரு வாரத்தில் எழுந்து நடப்பார் என்றிருந்தார். இந்தப் பெண் மூன்று வருஷமாக விடுதியையும் வீட்டையும் தவிர ஒரு இடம் பார்த்ததில்லை. வந்துவிட்டால் பிறகு மருந்து வாடையும் படுக்கைப் புண்ணும்தான். அதற்கு முன்னால் நாலு இடம் பார்க்கட்டும்.

"போயிட்டு வா."

"நிஜமாவா? அப்பா ஒத்துக்கணுமே. அப்பாகிட்ட குடு, பஸ் பாடத்தையும் இப்பவே கேட்டுக்கறேன்."

"அப்பாவுக்குத் தொண்டை கட்டிக்கிச்சு. டாக்டர் பேசக் கூடாதுன்னுட்டார்."

மறுமுனையில் சிரிப்பு. "மாஸ்டருக்கே பிரேக் போட்டுட்டாரா அந்த டாக்டர்? எந்த டாக்டர், நான் பார்க்கணுமே."

கட்டிலில் இருந்தவருக்கு அந்தச் சிரிப்புச் சத்தம் கேட்டது. இடது கையை நீட்டினார். போனைக் கொடு என்று விரல்களை மடக்கிக் காட்டினார். அவள் நாற்காலியோடு சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டு, குளிருக்குப் போர்வை எடுத்துக்கொள், தண்ணீரில் ரொம்ப உள்ளே போகாதே என்று இரண்டு வார்த்தை பேசிவிட்டு வைத்தாள்.

"நான்... பேசறேன்னு... கை நீட்டினேன்ல" என்றார் அவர்.

"பார்த்தேன். இந்தக் குரலைக் கேட்டா அடுத்த பஸ்ஸைப் பிடிச்சு ஓடி வந்துடுவா. நாலு நாள் பொறுங்க. நல்லாத் தெளியட்டும். அப்புறம் மணிக்கணக்கா பேசுங்க, யாரு வேண்டாங்கறா?"

"வர... சொல்லு."

"வருவா, வருவா."

அவர் முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டார். மறுநாளும் ஒருமுறை கேட்டார். போனில் சார்ஜ் இல்லை என்றாள். அதற்குப் பிறகு அவர் கேட்கவில்லை.

மகள் கடற்கரையிலிருந்து போட்டோக்கள் அனுப்பிய அன்று மதியம் அவருக்கு மூளையில் இரண்டாவது முறையும் ரத்தம் உறைந்தது. உயிருக்குப் பயமில்லை என்றார்கள். பேச்சு போய்விட்டது. திரும்ப வருமா என்று கேட்டதற்கு, சொல்ல முடியாது என்றார்கள். வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போங்கள் என்றார்கள்.

நாத்தனார் அழுதாள். லாண்டரியக்கா அழக்கூட இல்லை. மருத்துவமனை நடையில் வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள். பேசக் கூடாது என்று சொன்னது அவள் வாய். அந்த வாய்ச் சொல் அப்படியே பலித்துவிட்டது என்று அவளுக்குள் ஒரு எண்ணம் ஆணி அடித்தமாதிரி இறங்கிவிட்டது. ரத்தக் குழாய், உறைவு என்று மருத்துவர் படம் போட்டே விளக்கினார். அவள் சரி சரியென்று கேட்டுக்கொண்டாள். எண்ணம் மட்டும் இருந்த இடத்தைவிட்டு அசையவில்லை.

அவருக்கு முகம் மழித்துவிட்ட அன்று, பகல் வெயில் ஏறியபோது மகள் வந்தாள். முதுகில் பெரிய பை, கழுத்தில் சங்குமாலை, மூக்கு நுனி வெயிலில் உரிந்திருந்தது. வாசலிலேயே குரல் வந்துவிட்டது.

"மாஸ்டர், தொண்டை திறந்துச்சா இல்லையா? மூணு பஸ் மாறினேன், ஒரு இடத்துலயும் நீங்க போன்ல பேசலை. இதான் உங்க பாசமா?"

லாண்டரியக்கா எதிரே போனாள். கதவருகே நிறுத்தி, கையைப் பிடித்து, பக்குவமாகச் சொல்ல வேண்டும் என்று வார்த்தைகளைக்கூடக் கோத்துவைத்திருந்தாள். "இரும்மா, ஒரு விஷயம்..." என்பதற்குள் மகள் அவளைத் தோளில் ஒரு தட்டுத் தட்டிவிட்டு உள்ளே போய்விட்டாள்.

அவர் இஸ்திரி போட்ட சட்டையோடு ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தார். மகளைப் பார்த்ததும் வாயின் இடது பாதி சிரித்தது. தொண்டையிலிருந்து ஒரு சத்தம் வந்தது.

மகள் கத்தவில்லை. பையைக் கழற்றவும் தோன்றாமல் அப்படியே நின்றாள். அப்பாவைப் பார்த்தாள், அம்மாவைப் பார்த்தாள், மருந்து அடுக்கிய மேசையைப் பார்த்தாள், கடைசியில் அத்தையைப் பார்த்தாள். அத்தை முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அடுக்களைக்குப் போய்விட்டாள். பிறகு மகள் பையோடு தரையில், அவர் காலடியில் உட்கார்ந்தாள். அவருடைய வலது கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். கை கனமாகக் கிடந்தது.

அதைத் தடவிக்கொண்டே அவள் பேச ஆரம்பித்தாள். "அந்த மலை பஸ் டிரைவர் இருக்காரே, நீங்க பார்த்திருந்தா அடிச்சிருப்பீங்க. இறக்கத்துல நியூட்ரல்ல விட்டுட்டார் அப்பா. நான் பின்னாடி உட்கார்ந்து கியர் போடுங்க, கியர் போடுங்கன்னு மனசுக்குள்ள கத்தறேன்."

அவருடைய இடது கை நாற்காலியின் ஓரத்திலிருந்து எழுந்தது. காற்றில் ஒரு கியர்க் குமிழைப் பிடித்தது. நேராகப் பின்னால் இழுத்தது. இரண்டாவது கியர்.

"ஆமா, ரெண்டாவதுலதான் இறங்கணும்" என்றாள் மகள். அவள் குரல் அங்கே உடைந்தது. அவர் கையைக் கீழே போடவில்லை. இழுத்த இடத்திலேயே வைத்துக்கொண்டிருந்தார்.

மதியம் அவர் தூங்கிய பிறகு, அடுத்த அறையில் லாண்டரியக்கா மகளின் பையைக் கவிழ்த்து அழுக்குத் துணிகளைப் பிரித்தாள். வெள்ளை தனி, சாயம் போவது தனி. லாண்டரியில் வேலை செய்தாலும் மகளின் துணியை அவள் கடை மெஷினில் போட்டதில்லை. மகள் கதவில் சாய்ந்து நின்றாள்.

"எப்போம்மா?"

"உன் ரெண்டாவது பரீட்சை அன்னைக்கு."

"நான் மிச்சம் எல்லாத்தையும் எழுதிட்டு, சினிமா பார்த்துட்டு, உன்னைக் கூப்பிட்டு மலைக்குப் போகட்டுமான்னு கேட்டேன்."

"உன் மேல தப்பு இல்ல. நான்தான் போகச் சொன்னேன்."

"ஏன் சொன்னே?"

"படிப்பு பாதியில நிக்கக் கூடாதுன்னுதான்."

"படிப்பு முடிஞ்சுதானே போச்சு. மலைக்குப் போறதுல என்ன படிப்பு?"

லாண்டரியக்கா ஒரு சட்டைப் பையை வெளியே இழுத்துப் பார்த்தாள். அதில் ஒன்றுமில்லை. "நீ ஒரு இடமும் பார்த்ததில்லையே. சந்தோஷமா இருந்துட்டு வரட்டும்னு நினைச்சேன்" என்றாள். சொல்லும்போதே அது எவ்வளவு சின்னதாக ஒலிக்கிறது என்று அவளுக்கே தெரிந்தது.

மகள் உள்ளே வந்து துணிகளுக்கு எதிரே குத்துக்காலிட்டு உட்கார்ந்தாள். கோபமாகத் தெரியவில்லை. எதையோ சரியாகத் தெரிந்துகொண்டுவிட வேண்டும் என்பதுபோல் நிதானமாகக் கேட்டாள்.

"தொண்டை கட்டிக்கிச்சுன்னு சொன்னியே. அப்போ அப்பாவால பேச முடிஞ்சிச்சா?"

"குழறிச்சு."

"குழறினா என்ன? முடிஞ்சிச்சா, இல்லையா?"

"முடிஞ்சிச்சு."

பக்கத்து அறையிலிருந்து அவர் மூச்சு சீராக வந்துகொண்டிருந்தது. மகள் கொஞ்ச நேரம் அதைக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"என்னைக் கேட்டாராம்மா?"

லாண்டரியக்கா வெள்ளைத் துணிகளை எல்லாம் ஒன்றுசேர்த்து பக்கெட்டில் அமுக்கினாள். நிரம்பியிருந்ததை இன்னொரு தரம் அமுக்கினாள்.

"அம்மா. அப்பா என்னைக் கேட்டாரா?"

அவள் பக்கெட்டைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள். மகளைச் சுற்றிக்கொண்டு, சுவரோரமாக நடந்து, அறையைவிட்டு வெளியே போனாள்.