மருந்தடித்த மூன்றாம் நாள்

அன்றைக்கு எங்கள் திராட்சைப் பந்தலுக்குக் கீழே இருந்தது நாலே பேர்: அப்பா, நான், தங்கை கஸ்தூரி, திராட்சை எடுக்க வந்த கம்பத்துப் புரோக்கர். இன்று காலை தேனிச் சந்தையில் வாங்கிய திராட்சையை உப்புத் தண்ணீரில் மூன்றாம் தடவை அலசும்போது, அழுகின பூண்டு மாதிரி லேசாக ஒரு வாடை வந்தது. அந்த நாலு பேரும் கண்முன் வந்து நின்றுவிட்டார்கள். (மூன்று தடவையா என்று சிரிக்காதீர்கள். நாலாவதும் அலசினேன்.)

நான் ஒன்பதாவதோடு படிப்பை நிறுத்தித் தோட்டத்துக்கு வந்துவிட்டவள். கஸ்தூரிக்கு எழுத்து இருந்தால் போதும். நூலகத்து நாவல், வடை மடித்த தாள், மருந்து டப்பாவுக்குள் எட்டாக மடித்து வைத்திருக்கும் காகிதம், எல்லாம் ஒன்றுதான். அந்தக் காகிதத்தில் வரும் மெத்தில், எத்தில், குளோரோவை ராகம் போட்டுப் பாடுவாள். அர்த்தம் கேட்டு டீச்சரைத் துளைத்தெடுப்பாள்.

எங்கள் பக்கம் காய்ச்சல் மாத்திரையும் மருந்து, பூச்சிக்கு அடிப்பதும் மருந்து.

அடித்து மூன்றாம் நாள் அது. பாதிப் பெட்டிகள் நிறைந்திருந்தன. வெட்டிக்கொண்டே நான் இரண்டு கொத்து தின்றிருந்தேன். பந்தலைத் தாங்கும் கல்லில் சாய்ந்து, அந்த மருந்துக் காகிதத்தைப் பாடிக்கொண்டிருந்த கஸ்தூரியின் பாட்டு சட்டென்று நின்றது.

"அப்பா, அடிச்சுப் பதினஞ்சு நாளைக்குப் பழம் பறிக்கக் கூடாதாம்."

"மருந்துதானத்தா, என்ன செய்யப்போகுது?"

"மருந்துன்னு எங்கனயும் போடலப்பா. விஷம்னு போட்டிருக்கு."

புரோக்கர் சிரித்தார். "அண்ணே, பிள்ளைய வக்கீலுக்குப் படிக்க வைங்க. வண்டி கேரளாவுக்குக் கிளம்பணும்."

அப்பா அவளைப் பார்க்கவில்லை. "நீ அடுக்குத்தா" என்றார் என்னிடம்.

வாய்க்காலோரம் ஓடி, தொண்டைக்குள் விரலை விட்டு வாந்தி எடுத்தேன். வாயைக் கொப்பளித்தேன். திரும்பி வந்து மீதிப் பெட்டிகளை அடுக்கினேன். தாள் விரித்து, ஒரு பழம் நசுங்காமல்.

எனக்கு ஒன்றும் ஆகவில்லை. ஒரு வாரம் கண்ணாடியில் நாக்கை நீட்டி நீட்டிப் பார்த்ததுதான் மிச்சம்.

கஸ்தூரி அந்தப் பாட்டை அன்றோடு விட்டாள். அர்த்தம் கேட்பதை விடவில்லை. அப்படித்தான் வேதியியலுக்குப் போனாள். பகலில் சோதனைக்கூடத்தில் பழங்களில் எவ்வளவு மருந்து தங்கியிருக்கிறது என்று பார்க்கிறாள், வீட்டில் இன்னும் நாவல் வாசிக்கிறாள். தோட்டம் வீட்டுமனையாகி, பந்தல் கல்லைக்கூடப் பிடுங்கிவிட்டார்கள்.

ஈரக் கையோடு அவளுக்குப் போன் போட்டேன்.

"அன்னிக்குப் போன பழத்துல எம்புட்டு இருந்திருக்கும்டி?"

"ஒரு பழம் கொண்டாந்தா பார்த்துச் சொல்லலாம்க்கா. எல்லாத்தையும் தின்னிருப்பாகளே."