நான்கு மூலையுள்ள பை

சனிக்கிழமை மாலை நான்கு மணி பத்து நிமிடத்துக்கு என் மகள் "நைனா, ஜிப்பு வரல" என்றாள். சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். நாலரை பஸ்ஸில் வரும் மனைவியை அழைத்துவரக் கிளம்பிக்கொண்டிருந்தேன், அதனால்தான் அந்த நேரம் அவ்வளவு சரியாக நினைவில் நிற்கிறது.

மகள் ஒன்பதாம் வகுப்பு. தை மாதத்தில் பள்ளியிலிருந்து ஜவ்வாது மலைக்கு இரண்டு இரவு முகாம். கூடாரத்தில் தங்க வேண்டும். கொண்டுவர வேண்டிய பொருட்களின் பட்டியலில் முதலாவதாக, உள்ளே புகுந்து படுக்கும் ஸ்லீப்பிங் பேக் இருந்தது. எங்கள் வீட்டில் யாரும் அதைத் தொட்டுப் பார்த்ததுகூட இல்லை. ஃபோனில் தேடினேன். எடை குறைவு, குளிர் புகாது என்று போட்டிருந்ததை அவள் உயரத்துக்குச் சரிபார்த்து வரவழைத்தேன். தோளிலிருந்து காலை நோக்கிக் குறுகிக்கொண்டே போகும் வகை. தலைப்பக்கம் முக்காடு, அதைச் சுருக்கி இழுக்க ஒரு கயிறு. விரித்துப் போட்டால் பெரிய மீனைத் தரையில் கிடத்தியது போலிருந்தது.

புதுத் துணி எது வந்தாலும் மூலையில் மஞ்சள் வைக்காமல் எங்கள் வீட்டில் யாரும் உடம்பில் போடுவதில்லை. பள்ளிச் சீருடை, மழைக்கோட்டு, எல்லாவற்றுக்கும் உண்டு. வாங்கியவன் நான் என்பதால் நானே மஞ்சளைக் குழைத்தேன். ஆனால் அந்தப் பைக்கு மூலையே இல்லை. எங்கே தொட்டாலும் வளைவு. மூலை என்று சொல்லத்தக்கது ஜிப் மேலே வந்து முடிகிற இடம் ஒன்றுதான். அங்கே வைத்தேன். மூச்சுத் தொந்தரவு உள்ள பிள்ளை மலைக்குப் போகிறதே என்று கொஞ்சம் தாராளமாகவே வைத்தேன். ஒரு பகல் முழுவதும் அது ஜிப்பின் பற்களுக்கு நடுவில் காய்ந்து கெட்டியாகியிருக்கிறது.

அன்று மாலை அவள் சும்மா படுத்துப் பார்க்க உள்ளே நுழைந்து, கைகளை உள்ளே வைத்தபடியே ஜிப்பைக் கழுத்துவரை வலிந்து இழுத்துவிட்டாள். திரும்ப இறங்கவில்லை. நான் போய் இழுத்தேன். உள்துணியும் சேர்ந்து பல்லில் மாட்டிக்கொண்டது. அவளுக்குச் சிரிப்பு நின்றது. "நைனா, கைய எடுக்க முடியல" என்றாள். அடுத்து அந்த விசில் சத்தம் வந்தது. மூச்சு இழுக்கும்போது அவள் நெஞ்சிலிருந்து வரும் அந்தச் சத்தத்தை நான் பதினோரு வருடமாக அறிவேன். இன்ஹேலர் மேசைமேல்தான் இருந்தது. வாயில் வைத்து அழுத்தினேன். இறுக்கிப் பிடித்த பைக்குள் அவள் நெஞ்சு விரிய இடமில்லை.

சவர பிளேடை எடுத்து வந்துவிட்டேன். எடுத்து வந்தவன் உடனே கிழித்திருக்க வேண்டும். மஞ்சள் வைத்த துணியைப் பயணத்துக்கு முன்னால் கிழிப்பதா என்று ஒரு நினைப்பு குறுக்கே வந்து நின்றது. படித்தவன்தான். அரசாங்க அலுவலகத்தில் கோப்பு பார்க்கிறவன்தான். இருந்தும் பிளேடைக் கையில் வைத்துக்கொண்டு மறுபடியும் ஜிப்பையே இழுத்தேன். எத்தனை வினாடி என்று தெரியாது. இன்றுவரை என்னை அரிப்பது அந்த வினாடிகள்தாம்.

சத்தம் கேட்டு எதிர்வீட்டு அக்கா ஓடி வந்தார். பொதட்டூர்பேட்டையில் தறி ஓடுகிற வீட்டில் பிறந்தவர். துணியிடம் அவருக்குப் பயமில்லை.

"கிழிக்காம இன்னா தம்பி பாத்துகினு நிக்கிற?"

"மஞ்ச வெச்சிருக்கேங்க்கா..."

"மஞ்ச வெச்சா? புள்ளய உள்ள வெச்சே தச்சிருவியா? குடு அத!"

பிளேடைப் பிடுங்கி, தோள் பக்கத்துத் தையலில் ஒரு கீறல் போட்டு, இரண்டு கையாலும் கால்வரை கிழித்தார். உள்ளிருந்த பஞ்சு வீடு முழுக்கப் பறந்தது. மகள் எழுந்து உட்கார்ந்து, சுவரில் சாய்ந்து, மெல்ல மெல்ல மூச்சை மீட்டாள். கால்மணி நேரம் கழித்து என்னைப் பார்த்து, "அழுவுறியா நைனா?" என்று கேட்டாள். இல்லை என்றேன். அக்கா அவள் முதுகைத் தடவிக்கொண்டே, "ஆங், பஞ்சு கண்ல பூந்துகிச்சு உங்க நைனாவுக்கு" என்றார்.

பஸ் நிலையத்தில் காத்திருந்து பார்த்துவிட்டு மனைவி ஆட்டோவில் வந்து இறங்கினாள். நடந்ததைக் கேட்டுவிட்டுத் தரையில் கிடந்த பஞ்சைக் கூட்டி அள்ளினாள். முகாமே வேண்டாம் என்று நான் ஆரம்பித்ததும் மகள் எழுந்து நின்றாள்.

"கை கால நீட்டுற மாதிரி வேற வாங்கிக் குடு. நான் போவேன்."

"போவட்டும்ங்க. வீட்டுக்குள்ளயேதான நடந்துச்சு இது? வீடும் வேணாம்னா அவள எங்க வெச்சுப்பீங்க?" என்றாள் மனைவி.

அந்த வாரம் முழுவதும் நான் சரியாகத் தூங்கவில்லை. அடுத்த ஞாயிறு ரயிலேறிச் சென்னைக்குப் போனேன். மணவூர் ஸ்டேஷன் வருவதற்குள் கண் சொக்கி, யாரோ விசில் ஊதியது போலத் தோன்றித் திடுக்கிட்டு விழித்தேன்.

முகாம் சாமான் விற்கும் கடைக்காரர் என் வயதுக்காரர். எடுத்துப்போட்ட ஒவ்வொரு பைக்குள்ளும் நான் செருப்பைக் கழற்றிவிட்டுப் படுத்துப் பார்த்தேன்.

"பாப்பாவுக்குத்தான சார்? நீங்க ஏன் படுக்கிறீங்க?"

"மூச்சு முட்டுதான்னு பாக்கணும்."

"அப்ப தொப்பையக் கழட்டி வெச்சுட்டுப் படுங்க. அதான் முட்டுது."

கடைசியில் செவ்வகமாக ஒன்றைக் காட்டினார். காலடியிலும் தோள் அளவுக்கே அகலம். புரண்டு படுக்கலாம், முழங்காலை மடக்கலாம். ஜிப் பக்கவாட்டில் இறங்கிக் காலடி வரை சுற்றி வந்தது. மேலிருந்தும் திறக்கலாம், கீழிருந்தும் திறக்கலாம். துணி மாட்டாமலிருக்க ஜிப்பின் ஓரமாகக் கெட்டியான பட்டை ஒன்று. உள்ளே படுத்து, கண்ணை மூடிக்கொண்டு, இடக்கையால், வலக்கையால் என்று ஜிப்பைத் திறந்து மூடினேன். வாங்குவதற்குள் அது தேய்ந்துவிடும் என்றார் அவர். நான் எழுந்திருக்கவில்லை.

"ஆனா ஒண்ணு சார். இவ்ளோ லூசா இருந்தா உள்ள எடம் காலியா இருக்கும். அத்தினியையும் ஒடம்பு சூடுதான் ரொப்பணும். மலையில குளுரும். பாத்துக்குங்க."

குளிர் பட்டாலும் அவளுக்கு மூச்சு இழுக்கும். இறுகினால் ஒரு பயம், விரிந்தால் ஒரு பயம். கடையின் தரையில் படுத்துக்கொண்டு மேலே சுற்றும் விசிறியைப் பார்த்தபடி யோசித்தேன். குளிர்ந்தால் சுருண்டு படுப்பாள், போர்த்துக்கொள்வாள், யாரையாவது எழுப்புவாள். கை வெளியே வராவிட்டால் எதுவும் செய்ய முடியாது. அகலமானதையே எடுத்தேன்.

காலியிடத்தை அடைக்க மனைவி ஒரு கம்பளிப் போர்வையை மடித்து உள்ளே வைத்தாள். இந்தப் பைக்கு மூலைகள் நான்கும் இருந்தன. நான் கிட்டே போகவில்லை. மனைவி அதைச் சுருட்டிக் கட்டி, தோள்வாரில் சின்னப் பொட்டாக மஞ்சளைத் தொட்டு வைத்தாள். இரண்டு இன்ஹேலர், ஆசிரியைக்கு ஒரு கடிதம். வெள்ளிக்கிழமை காலை வேன் கிளம்பியது.

மலைமேல் சிக்னல் இல்லை. முதல் நாள் மதியம் மலையேறுமுன் ஆசிரியையிடமிருந்து 'எல்லோரும் நலம்' என்று ஒரு செய்தி வந்தது, அத்தோடு சரி. அலுவலகத்தில் ஒரே கோப்பை மூன்று முறை திறந்தேன். போர்வையை அவள் வெளியே எடுத்துப் போட்டிருப்பாளோ, கழுத்துப் பக்கம் காற்று புகுமோ என்று மனம் ஓயாமல் ஓடியது. பயப்படுவதற்குக்கூடத் தெம்பில்லாத ஓர் அசதி. சாப்பிட்டேன், ருசி தெரியவில்லை.

ஞாயிறு மூன்று மணிக்கு வந்துவிடுவார்கள் என்றார்கள். அன்று கிருத்திகை, எங்கள் ஊர் முருகன் கோயிலுக்குக் கூட்டம். வண்டிகளை ஊருக்குள் விடவில்லை என்பதால் பெற்றோர் எல்லோரும் பைபாஸ் முனையிலேயே நின்றோம். மொட்டையடித்துச் சந்தனம் பூசிய தலைகள், காவடிகள், ஆந்திரப் பக்கத்திலிருந்து வந்த பேருந்துகள். நான்கு ஆனது, ஐந்து ஆனது. ஆசிரியையின் ஃபோன் கிடைக்கவில்லை. ஒவ்வொரு வெள்ளை வேனுக்கும் இரண்டடி முன்னால் போய்த் திரும்பினேன். கடைசியில் மனைவி என் சட்டையைப் பிடித்துக்கொண்டாள்.

ஆறேகாலுக்கு வேன் வந்து ஓரமாக நின்றது. ஒன்பதாவதாக அவள் இறங்கினாள். முகம் கறுத்து, முடி சிக்காகி, தோளில் பை. நான் முதலில் அவள் மூச்சைத்தான் கேட்டேன். விசில் சத்தமில்லை.

"குளுருச்சாம்மா?"

"குளுரா? வேர்த்துச்சு நைனா. எங்க டென்ட்ல ஒருத்திக்கு நீ மொதல்ல வாங்கினியே, அதே மாதிரி பை. உள்ள பூந்ததும் அழுவ ஆரம்பிச்சிட்டா. வாடி இங்கன்னு கூப்ட்டு படுக்க வெச்சுகினேன். ரெண்டு ராத்திரியும் ரெண்டு பேரும் இதுலதான் படுத்தோம்." தோளிலிருந்த பையைக் கழற்றி என் கையில் கொடுத்தாள். "இன்னும் கொஞ்சம் பெருசா வாங்கியிருக்கலாம்."